கர்னல் எழும்பும் வரை

கர்னலின் வலது காதில் ஒரு ஈ இருந்தது. கர்னல் அதை விரட்டவில்லை.

காணி உறுதி எழுதும் நொத்தாரிஸ் அழகரத்தினம், கர்னலுக்கு வலப்பக்கத்துக் கதிரையில், பிரதான விருந்தாளிக்குரிய இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, அந்த ஈயைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு எட்டு மணிக்கு, மெழுகுதிரி வெளிச்சத்தில், ஈ நடமாடுவதை அவர் முன்பு கண்டதில்லை. அது காது மடலின் விளிம்பில் ஊர்ந்து, துளையின் வாசலில் சற்று நின்று, முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு, வந்து போய்ப் பழகிய வீட்டுக்குள் நுழைவதுபோல உள்ளே போய்விட்டது. கர்னலின் முகத்தில் ஒரு மயிர்கூட அசையவில்லை.

இராணுவ அதிகாரிகளின் விருந்து மேசையில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று நாற்பத்தொரு விதிகளை அழகரத்தினம் ஒரு கொப்பியில் எழுதி, மூன்று வாரமாகத் தேவாரம்போலப் பாடமாக்கியிருந்தார். சூப்பைக் கரண்டியின் பக்கத்தால் குடிக்க வேண்டும், நுனியால் அல்ல. கர்னல் தொடங்காமல் எவரும் தொடங்கக் கூடாது. மேசையில் தொழில் பேசக் கூடாது. மன்னருக்கு வாழ்த்துச் சொல்லிக் குடிக்கும் வரை எவரும் இருந்த இடத்தை விட்டு எழும்பக் கூடாது. வயிற்றைக் கலக்கினாலும், கூரை பற்றி எரிந்தாலும். ஈயைப் பற்றி விதி எதுவும் இல்லை. ஆகவே, காதுக்குள் ஈ குடிபுகுவதைக் கவனியாதிருப்பதே கனவான்களின் வழக்கம் என்று முடிவுகட்டி, அவரும் கவனியாதிருந்தார்.

அவர் கவனிக்க வேண்டிய காரியம் வேறு. கோட்டின் உட்பையில், மடிப்புக் குலையாமல், தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது. புளியந்தீவு வாவிக்கரையில் உள்ள இந்த வீட்டை இராணுவம் உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கிறது என்பது அதன் சாரம். கீழே கர்னலின் கையொப்பத்துக்கு ஒரு கோடு. பக்கத்தில் கப்டனின் முத்திரைக்கு ஒரு வட்டம்.

வீடு அழகரத்தினத்துடையதல்ல. மட்டக்களப்பில் வீடு எந்த ஆணுடையதுமல்ல. அது அவருடைய மனைவி சீதேவிப்பிள்ளைக்கு அவளுடைய தாய் கொடுத்தது. மகள் இராசாத்தியின் கழுத்தில் தாலி ஏறும் நாளில் அவளுக்குப் போய்ச் சேர வேண்டியது. போன வருடம், நாற்பத்திரண்டு சித்திரையில், யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்ட கையோடு இராணுவம் வீட்டை எடுத்துக்கொண்டு, அதிகாரிகளின் மெஸ் ஆக்கி, கட்டிலும் கிடாரமுமாகக் குடும்பத்தைத் தெருமுனையில் ஒரு வாடகை வீட்டுக்குள் தள்ளிவிட்டது. கல்யாணம் ஆவணியில்; ஆவணி பிறக்கப் பன்னிரண்டே நாள். வவுணதீவுச் சம்பந்திகள் பொறுமைசாலிகள்தான். ஆனாலும், மாப்பிள்ளை எந்த வீட்டு வாசற்படியில் காலை வைப்பது என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்கள். மூன்றாந்தரம் கேட்க மாட்டார்கள். வேறு இடம் பார்ப்பார்கள்.

அழைப்பு அட்டை வந்த அன்று சீதேவிப்பிள்ளை அதன் பொன் விளிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

“என்ட வீட்டுக்கு என்ட புருசன விருந்துக்குக் கூப்பிட வெள்ளக்காரன் கார்ட் அடிச்சிரிக்கான். எனக்கு இல்லியாமா?”

“நாப்பத்தொரு விதி இரிக்கி, சீதேவி. நீ பாடமாக்கி முடியக்குள்ள யுத்தம் முடிஞ்சிரும்.”

“இருவது வருசம் அந்தக் குசினில மீன் வெட்டினவளுக்குத் தின்னுறதுக்கு விதி படிக்கணுமோ?” அட்டையை அவர் மடியில் எறிந்தாள். “கையெழுத்த வாங்கின உடனே எழும்பி வாங்க. அவங்களோட சேந்து நீங்களும் ஆடாதீங்க.”

அவர் ஆடத்தான் வந்திருந்தார். தையற்காரனிடம் கொடுத்துத் தைத்த கறுப்புக் கோட்டு, காதை அறுக்கும் கழுத்துப்பட்டி, இரவல் சப்பாத்து. மாட்டிறைச்சி வந்தால் மூச்சை அடக்கி விழுங்குவதென்றும், மறுநாள் வாவியில் முழுகிப் பாவத்தைக் கரைப்பதென்றும்கூடத் தீர்மானித்திருந்தார்.

ஆனால் வாசலிலேயே ஏதோ பிசகியிருந்தது. விதிப்படி எல்லோரும் முன்னறையில் கூட வேண்டும். சிறு கிண்ணத்தில் மது தர வேண்டும். உணவு தயார் என்றதும் கர்னலும் பிரதான விருந்தாளியும் முதல் சோடியாக உள்ளே நடக்க வேண்டும். அந்த நடையை அழகரத்தினம் வாடகை வீட்டின் மண் தரையில் நூறு தரம் நடந்து பழகியிருந்தார். இங்கே முன்னறையில் ஒருவரும் இல்லை. காவலுக்கு நின்ற சிப்பாய் கேற்றடியோடு நின்றுகொண்டான்; உள்ளே வர அவனுக்கு உத்தரவில்லையாம். சாப்பாட்டு அறைக் கதவைத் தாமே தள்ளித் திறந்தபோது, பத்து அதிகாரிகளும் ஏற்கெனவே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவருக்காக ஒருவரும் எழும்பவில்லை. பத்து முகங்களும் அவர் பக்கம் திரும்பின. இல்லை, ஒன்பது.

“மன்னிக்க வேண்டும், மிஸ்டர் அழகரத்தினம்,” என்றார் கப்டன், தமக்கும் கர்னலுக்கும் நடுவிலிருந்த வெற்றுக் கதிரையைக் காட்டி. “நாங்கள் கொஞ்சம் முந்தியே உட்கார்ந்துவிட்டோம்.”

மேசையின் தூரத்து முனையில் யாரோ சிரித்தார், அல்லது இருமினார்.

சூப் வந்தது. கொண்டுவந்தவன் சாமித்தம்பி, முன்பு இதே வீட்டில் சீதேவிப்பிள்ளைக்கு விறகு கொத்திக் கொடுத்தவன், இப்போது வெள்ளைக் கோட்டும் பித்தளைப் பொத்தானும் மாட்டிய மெஸ் பரிசாரகன். அவன் நேரே கர்னலிடம் போனான். தட்டை வைத்தான். பிறகு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மேசை விரிப்பின்மேல் கிடந்த கர்னலின் கையைத் துவாயால் பிடித்துத் தூக்கி, விரல்களுக்கிடையில் கரண்டியைச் செருகினான். கரண்டி நின்றதும் மேசை முழுவதும் ஒரு பெருமூச்சு ஓடியது. கர்னல் தொடங்கிவிட்டார். ஒன்பது கரண்டிகள் ஒரே தரத்தில் சூப்புக்குள் இறங்கின.

பாரிசவாதம், என்று நினைத்தார் அழகரத்தினம். பாவம். பெரிய மனிதர்களுக்கு வரும் வருத்தம்.

அப்போதுதான் அந்த மணம் அவரிடம் வந்தது. முதலில் அதை வாவியின் தலையில் கட்டினார். ஆடி வெயிற் காய்ச்சலில் முகத்துவாரம் மண் மூடிக் கிடக்க, நீர் அசையாமல் நின்று, கரையோரச் சேற்றில் செத்த மீனும் அழுகிய பாசியும் சேர்ந்து இந்த மாதத்தில் ஊரே நாறும், இந்த வீட்டின் பின் யன்னலைத் திறந்தால் சீதேவிப்பிள்ளை சாம்பிராணி போடுவாள். ஆனால் யன்னல்கள் எல்லாம் இருட்டடிப்புக்காகக் கறுத்தத் துணி ஆணியடித்து மூடிக் கிடந்தன, ஒரு நூல் காற்றும் உள்ளே வரவில்லை, மெழுகுதிரிச் சுடர்கள் வரைந்து வைத்ததுபோல நிமிர்ந்து நின்றன. மணம் வெளியிலிருந்து வரவில்லை. அது மேசைக்கு மேலே ஒரு கொசுவலைபோல இறங்கியிருந்தது. மேலே ஓடிக்கொலோன், அதற்குக் கீழே மூத்திரக் காரம், அதற்கும் கீழே, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு, தித்திப்பாக, கொழுப்பாக, பழுத்து வெடித்த பலாப்பழத்தை மூடிய பெட்டிக்குள் வைத்ததுபோல ஒன்று, சூப்பின் ஆவியோடு சேர்ந்து ஒவ்வொரு மிடறிலும் தொண்டைக்குள் இறங்கியது.

விழுங்கினார். கரண்டியின் பக்கத்தால்.

கால்களைச் சற்று நீட்டினார். இரவல் சப்பாத்து ஏதோ ஈரத்தில் சப்பென்று பட்டது. ஒரு போத்தல் உருண்டு இன்னொரு போத்தலில் மோதியது. மேசைக்குக் கீழே குனிந்து பார்ப்பது விதிக்கு முரண். பார்க்கவில்லை. ஆனால் ஈரம் சப்பாத்தின் தையல் வழியாக ஏறி, காலுறையை நனைத்து, விரல்களுக்கிடையில் வெதுவெதுப்பாகப் பரவியபோது, அது சூப் அல்ல என்பது தெரிந்துவிட்டது.

“கர்னல் இன்றைக்கு அதிகம் பேசவில்லை,” என்றார், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“அவர் எப்போதும் நல்ல கேட்பவர்,” என்றார் கப்டன். அவருடைய உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. கன்னத்தில் நாலைந்து நாள் தாடி, அதன் மேல் பவுடர். நெஞ்சில் மட்டும் பதக்கங்கள் பளபளவென்றிருந்தன. “விருந்தாளியின் வேண்டுகோளை மட்டும் அவர் ஒருநாளும் தட்டியதில்லை. உங்களைத்தான் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்.”

எதிரே இருந்த மேஜர் தலையசைத்தார். அவருடைய கண்ணிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

மீன் வந்தது. கர்னலின் தொடாத சூப் தட்டு எடுக்கப்பட்டதும் மற்றத் தட்டுகளும் எடுக்கப்பட்டன, பாதி குடித்தவர் முழுதாகக் குடித்தவர் என்ற பேதமில்லாமல். சாமித்தம்பி அழகரத்தினத்தின் தோளுக்கு மேலாகக் குனிந்து மீனை வைத்தான். வைத்தவன் நிமிரவில்லை.

“ஐயா, என்னப் பாக்காம கேளுங்க. எழும்பி ஓடுங்க.”

“என்னடா கதைக்கிறா?” உதடு அசையாமல் கேட்டார் அழகரத்தினம். “நடுவில எழும்பக் கூடாது.”

“இவங்களும் அதத்தான் சொல்றாங்க. திங்கக்கிழம ராக் குந்தினவங்க. இண்டைக்கு வியாழன்.”

“ஆரு?”

“இவங்க எல்லாரும்தான். பெரியவர் திங்கக்கிழம சூப்புக் குடிச்ச கையோட செத்துப் போனார் ஐயா.”

அழகரத்தினம் மீன் துண்டை முள்ளுக்கரண்டியால் இரண்டாகப் பிரித்தார். அதை இன்னும் இரண்டாகப் பிரித்தார்.

“பெரியவர் எழும்பாம மத்தவங்க எழும்பப்பிடாதாம்,” என்றான் சாமித்தம்பி, சோஸ் ஊற்றுகிற பாவனையில். “ராசாவுக்குக் குடிக்காம பெரியவர் எழும்பப்பிடாதாம். பெரியவர் வாயால சொல்லாம ராசாவுக்குக் குடிக்கப்பிடாதாம். நான் என்ன செய்ய? குசினிக்காரன் புதன்கிழம ஓடிட்டான். நான்தான் ஆக்குறன், நான்தான் வைக்கிறன், நான்தான் அந்தக் கையில கரண்டி குத்துறன். காலையில பவுடரும் போட்டுடச் சொல்றாங்க. பஞ்சால ஒத்தினா பஞ்சோட வருகுது ஐயா.”

“டொக்டர் ஒருத்தர் இரிப்பாரே?”

“அந்தா, அங்கிட்டு முனையில. அவர்தான் இதுக்குள்ள சின்னப் பதவியாம், வைஸோ என்னவோ. பெரியவர் அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அவருக்கு வாய் திறக்கலாமாம்.”

கொப்பியில் அதுவும் இருந்தது. மேசையின் மறு முனையில் இருப்பவர் துணைத்தலைவர்; விருந்தில் அவரை ‘மிஸ்டர் வைஸ்’ என்றே விளிப்பார்கள். தலைவர் விளித்தால் மட்டுமே பேசுவார். அழகரத்தினம் மேசை நெடுகப் பார்த்தார். முனையில், நரைத்த மீசையோடு, மருத்துவப் படையின் சின்னம் குத்திய ஒரு லெப்டினன்ட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் இறந்துவிட்டான் என்று சொல்வதற்கு அந்த மேசையில் படித்துப் பட்டம் வாங்கியவர் அவர் ஒருவர்தான். அதைச் சொல்வதற்கு அவர் இறந்தவனின் அனுமதிக்காகக் காத்திருந்தார். அவருடைய வாய் ஓசையில்லாமல் திறந்து மூடிற்று. மீண்டும் திறந்து மூடிற்று. பற்களில் இரத்தம் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

இப்போது அழகரத்தினம் தலையைத் திருப்பினார். பக்கத்தில் இருப்பவரை உற்றுப் பார்ப்பது அநாகரிகம் என்பதால், இதுவரை அவர் கர்னலைக் காதளவுக்கு மேல் பார்க்கவில்லை. வெள்ளைக்காரர்கள் குடித்தால் வீங்குவார்கள், வெயிலில் நின்றால் நிறம் மாறுவார்கள். கர்னல் இரண்டையும் செய்திருப்பார் என்று விட்டுவிட்டார். பவுடருக்கு அடியில் தோல் பச்சையோடியிருந்தது. கழுத்து, பட்டிக்கு மேலே ஒரு மடிப்பாக வழிந்திருந்தது. பட்டியின் விளிம்பு அதற்குள் புதைந்து காணாமற் போயிருந்தது. உதடுகள் வெளிப்புறமாகப் பிதுங்கி, எதையோ ருசித்து, இன்னும் கொஞ்சம் வேண்டுமென்று கேட்பதுபோல இருந்தன. சிவப்புக் கோட்டின் பொத்தான்கள் ஒவ்வொன்றும் நூலின் பலத்தில் நின்றன. உள்ளே ஏதோ மெதுவாக, நீளமாக, குமிழியிட்டது. மேஜர் தட்டைப் பார்த்துக்கொண்டார். விருந்து மேசையில் வயிறு சத்தமிட்டால் கேளாதது போலிருக்க வேண்டும்.

எழும்பிப் போயிருக்கலாம். கதவு பத்தடியில் இருந்தது. அவருடைய மாமியார் வைத்த கதவு, எந்தப் பக்கம் இழுத்தால் கிரீச்சிடாது என்றுகூட அவருக்குத் தெரியும். முழங்கால் அசையவும் செய்தது. அப்போது உட்பையில் இருந்த தாள் நெஞ்சில் உரசியது.

கர்னல் செத்துவிட்டார் என்று வெளியே தெரிந்தால் கொழும்பிலிருந்து வேறொரு கர்னல் வருவார். அவருக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். அது மேசைக்கு மேசை போக வேண்டும். ஆவணி போய்விடும். இராசாத்திக்கு இருபத்தேழு வயது.

தட்டில் மாட்டிறைச்சி வந்தது. மூச்சை அடக்கி விழுங்கினார். மூச்சை அடக்குவது இப்போது எளிதாகவே இருந்தது.

இறைச்சித் தட்டுகளை எடுத்து, விரிப்பைத் துடைத்துவிட்டு, சாமித்தம்பி போர்ட் மது நிரம்பிய கண்ணாடிக் குடுவையைக் கர்னலுக்கு முன் வைத்து அதன் மூடியைக் கழற்றி வைத்தான். போகிற போக்கில் அழகரத்தினத்தின் காதில் சொன்னான்:

“இனி நான் இதுக்குள்ள வரமாட்டன். நீங்களும் இவங்களப் போல குந்திட்டீங்க. நான் அம்மாட்டப் போய்ச் சொல்றன்.”

“டேய், பொறு. ஒரு கையெழுத்து...”

“செத்தவர்ட்ட என்ன கையெழுத்து ஐயா!”

குசினிக் கதவு அடித்தது. மணலில் ஓடும் கால்கள். பிறகு அதுவும் இல்லை.

குடுவை புறப்பட்டது. மேஜர் அதை எடுத்துத் தம் கிண்ணத்தை நிரப்பி இடப்பக்கத்தவரிடம் கொடுத்தார். அவர் தம் இடப்பக்கத்தவரிடம். இடப்புறமாக மட்டுமே போக வேண்டும். திரும்பி வரக் கூடாது. கர்னலிடம் போய்ச் சேரும் வரை மேசையில் படக் கூடாது. சுற்றி முடிந்து கர்னல் தம் கையால் மூடியைப் போட்ட பிறகே, சிறு மரச் சுத்தியலால் தட்டி, மன்னர் வாழ்த்தைச் சொல்வார். முந்திய மூன்று இரவும் குடுவை அவர் முன்னால் வந்து அத்தோடு நின்றிருக்கிறது. வைஸ் தம் கிண்ணத்தை நிரப்பிக் கொடுத்தார். மறுபக்கமாக ஏறி வந்தது. கப்டனின் கை. பிறகு அழகரத்தினத்தின் கை.

கண்ணாடி பிசுபிசுத்தது.

அவருக்கு இடப்பக்கம் கர்னல்.

ஒன்பது பேரும் பார்த்தார்கள். பசித்த நாய்கள் பார்ப்பதுபோல அல்ல. நாய்களுக்கு நம்பிக்கை இருக்கும். அழகரத்தினம் குடுவையைக் கர்னலுக்கு முன்னால் வைத்தார். கண்ணாடி மூடியின் பக்கத்தில் அந்தக் கை கிடந்தது, கொழுத்து, பளபளத்து, நகங்கள் கறுத்து. அந்தக் கையைத் தூக்கி மூடியைப் போடவைத்தால் எல்லோருக்கும் விடுதலை. அதற்காகத்தான் தம்மை எதிர்பார்த்திருந்தார்கள் என்பது அவருக்கு விளங்கியது. கர்னலின் கையைத் தொடும் துணிவு எந்த அதிகாரிக்கும் இல்லை; அது மேலதிகாரியைத் தொடும் குற்றம். விருந்தாளிக்குக் குற்றமில்லை.

மூடி போடும் கை கையெழுத்தும் போடும்.

இருபத்தாறு வருடத் தொழிலில் சாகக் கிடந்தவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் தோய்த்து உறுதியில் வைத்திருக்கிறார். ‘சுயபுத்தியோடு, என் முன்னிலையில்’ என்று எழுதியிருக்கிறார். ஒரு தரம், ஒரே ஒரு தரம், கிடந்தவர் அடங்கி அரை மணி கழிந்த பிறகும். அந்த விரல் சூடாக இருந்தது. அதை நினைத்துத்தான் இவ்வளவு நாளும் தம்மைச் சமாதானப்படுத்தி வந்தார்.

தாளை எடுத்து விரித்தார். பேனாவைத் திறந்தார். ஒன்பது அதிகாரிகளும் கூரையைப் பார்த்தார்கள். மேசையில் தொழில் நடந்தால் கனவான்கள் காண்பதில்லை.

கையைப் பிடித்தார். குளிர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தார். இல்லை. அறையின் சூடுதான் அதிலும். உள்ளே, தோலுக்கும் எலும்புக்கும் நடுவே, ஏதோ நகர்ந்து இடம் கொடுத்தது. விரல்களை மடக்கிப் பேனாவை வைத்தார். பேனாவைக் கோட்டுக்குக் கொண்டுபோனார். இழுத்தார். முதல் எழுத்து. இரண்டாவது. கர்னலின் கையொப்பத்தை அவர் கடிதங்களில் பார்த்திருக்கிறார். அதன் வளைவு தெரியும். கடைசி எழுத்தின் வால். முடிந்தது. கையைத் தூக்கப் பார்த்தார்.

கை எழும்பவில்லை. தாளில் அழுத்தியபடி நின்றது.

பிறகு வலப்புறம் ஒரு விரற்கடை நகர்ந்து, அவர் இழுக்காமல், அவர் பிடியை மெல்லத் தன்னோடு இழுத்துக்கொண்டு, தேதியைப் போட்டது.

இன்றைய தேதி.

அவர் கையை விடப் பார்த்தார். விட முடியவில்லை. விட்டபோது அது முழுதாகப் போகவில்லை. அவருடைய உள்ளங்கையில் ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது. மெல்லிய, நனைந்த, வெளுத்த ஒரு கையுறை. ஐந்து விரலும் நகமும் அப்படியே. கர்னல் கையுறை போட்டிருக்கவில்லை.

தொண்டை வரை வந்த மாட்டிறைச்சியை அழகரத்தினம் திரும்ப விழுங்கினார். கைத்துண்டால் உள்ளங்கையைத் துடைத்தார். துடைத்தார். துடைத்துக்கொண்டே தாளைக் கப்டன் பக்கம் நகர்த்தினார்.

“முத்திரை.”

“மேசையில் தொழில் பேசுவதில்லை,” என்றார் கப்டன், கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். தம் சட்டைப் பையை மெதுவாகத் தட்டிக் காட்டினார். முத்திரை அங்கே இருந்தது. “வாழ்த்துக்குப் பிறகு. முதலில் மூடியைப் போடச் சொல்லுங்கள்.”

“நீங்கள் போடுங்கள்.”

“நானா?” கப்டன் உண்மையாகவே திகைத்துப்போனார். “அது தலைவரின் உரிமை அல்லவா?”

அழகரத்தினம் மீண்டும் இடப்பக்கம் பார்த்தார். தோல் இல்லாத கை விரிப்பின்மேல் உள்ளங்கை மேலாகத் திரும்பிக் கிடந்தது. அவர் அதைத் திருப்பவில்லை. அதை இன்னொரு தரம் தொட முடியாது. தொடாமல் முத்திரை இல்லை. முத்திரை இல்லாமல் வீடு இல்லை. வெறுந்தாளோடு எழும்பிப் போகவும் முடியாது. முழங்காலுக்கு உத்தரவு கொடுத்துப் பார்த்தார். அது மறுத்தது. ஒன்பது பேரோடு பத்தாவது ஆளாக அவரும் உட்கார்ந்திருந்தார், முதுகு நிமிர்ந்து, கை மடியில், முகத்தில் கண்ணியம்.

மெழுகுதிரி ஒன்று அணைந்தது. புதிது ஏற்ற ஆளில்லை.

இன்னொன்று.

வாசலில் மணல் நொறுங்கியது.

செருப்புக் கால் அல்ல. வெறுங்கால். படியில் ஏறும் கால். அந்தக் காலை அவருக்குத் தெரியும். இந்த வீட்டுத் தரையில் நடை பழகிய கால்.

“அப்பா?”

கதவின் கீழ் லாந்தர் வெளிச்சம் ஒரு கோடாக வந்தது.

“சாமித்தம்பி என்னவோ எல்லாம் கதைக்கிறான். அம்மா தலைசுத்தி விழுந்துட்டா. எழும்பி வாங்கப்பா.”

வராதே என்று சொல்ல வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. போ. போ, மகள். மேசை முனையில் வைஸின் வாய் திறந்து மூடுவதுபோலவே அவருடைய வாயும் திறந்து மூடிற்று.

கதவு திறந்தது. கிரீச்சிடவில்லை. அவளுக்கும் எந்தப் பக்கம் இழுக்க வேண்டுமென்று தெரியும்.

இராசாத்தி உள்ளே வந்தாள். கையில் லாந்தர். தோய்த்து உலர்த்திய பருத்திச் சேலையின் மணம், ஒரே ஒரு கணம், அந்த அறைக்குள் வந்து செத்தது.

கதிரைகள் பின்னே தள்ளப்பட்டன.

எல்லாம் ஒரே தரத்தில். பெண் ஒருத்தி அறைக்குள் வந்தால் கனவான்கள் எழும்புவார்கள். மேஜர் எழும்பினார். கப்டன் எழும்பினார். நாலு நாள் ஒட்டியிருந்த துணி கதிரைகளிலிருந்து உரிந்தது, துணியோடு வேறும் உரிந்தது, ஒருவரும் முனகவில்லை. முனையில் டொக்டர் எழும்பினார், கண்ணை இறுக மூடிக்கொண்டு.

அழகரத்தினத்தின் இடப்பக்கத்தில், மிக அருகில், பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.

அவர் திரும்பவில்லை. திரும்பத் தேவையில்லை. நிழல் மேசையின்மேல் உயர்ந்து, விரிப்பைக் கடந்து, எதிர்ச் சுவரில் ஏறி, கூரை வரை போய் நின்றது. கர்னல் உயரமான மனிதர்.

கோட்டின் சரிகை விளிம்பு அவர் முகத்தை உரசிக்கொண்டு நகர்ந்தது. தலைமைக் கதிரை மெல்லப் பின்னே இழுக்கப்பட்டு, திருப்பப்பட்டு, கதவடியில் நின்றவளை நோக்கி வைக்கப்பட்டது.

ஒன்பது அதிகாரிகளும் விறைத்து நின்றார்கள். அவள் உட்காரும் வரை ஒருவரும் உட்காரப் போவதில்லை.

கர்னல் கதிரைக்குப் பின்னால் தலை தாழ்த்தி நின்றார். கதிரையின் முதுகுச் சட்டத்தில், தோல் இல்லாத அந்தக் கையின் விரல்கள், ஒன்றன்பின் ஒன்றாக, பொறுமையாக, தட்டிக்கொண்டிருந்தன.